மரத்துப்போகும் கையும் சாப்பாட்டுத் தட்டும்

நடு இரவில் கை மரத்து, ஊசி குத்துவதுபோல் விறுவிறுத்து, தூக்கம் கலைந்து எழுந்தால், மறுநாள் காலையில் நம் வீடுகளில் முதல் விசாரணை சமையலறையில்தான் நடக்கும். நேற்று ராத்திரி உருளைக்கிழங்கு சாப்பிட்டாயா? வாழைக்காய் வறுவலா? கோயிலில் கொடுத்த கொண்டைக்கடலைச் சுண்டலா? 'வாயு பிடித்திருக்கிறது' என்று தீர்ப்பும் வந்துவிடும். அந்த மூன்றையும் நிறுத்துவார்கள்; பூண்டும் பெருங்காயமும் கூடும். வாரங்கள் போகும். கை மரத்துக்கொண்டேதான் இருக்கும்.

இரவில் இப்படி மரக்கும் கைகளில் பலவற்றுக்குக் காரணம் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். மணிக்கட்டுக்குள் ஒரு நரம்பு நசுங்குவதால் வருகிற தொல்லை இது. ஸ்வீடனில் பொதுமக்களைப் பரிசோதித்து 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நூறு பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்கு இது இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் அதிகம். உணவால் இதைக் கூட்டவோ குறைக்கவோ முடியுமா என்று கேட்டால், முடியும் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எல்லோருக்கும் ஒரே வழியில் முடியாது. ஒருவருக்கு உதவும் மாற்றம் இன்னொருவருக்கு வீண் பத்தியமாகிவிடும். ஏன் என்று புரிய, முதலில் மணிக்கட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

உள்ளங்கையும் முன்கையும் சேரும் இடத்தில் எட்டுச் சிறிய எலும்புகள் வில்லாக வளைந்து நிற்கின்றன. அந்த வில்லின் இரு முனைகளையும் இணைத்து, மேலே கூரைபோல் ஒரு கெட்டியான நார்ப்பட்டை. இடையில் உள்ள குறுகலான வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள் போகின்றன. அவற்றோடு ஒட்டி உரசிக்கொண்டு மீடியன் நரம்பும் போகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருவது இந்த நரம்பு. எலும்பும் விரியாது, நார்ப்பட்டையும் இளகாது. உள்ளே எது கொஞ்சம் வீங்கினாலும் தடித்தாலும் அடி வாங்குவது மென்மையான நரம்புதான்.

அதனால்தான் இந்த நோயில் சுண்டுவிரல் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அதற்கு வேறு நரம்பு, வேறு பாதை. உங்களுக்குச் சுண்டுவிரல்தான் மரக்கிறது என்றால் பிரச்சினை முழங்கைப் பக்கம் இருக்கலாம். கழுத்தைத் திருப்பும்போது வலி தோளிலிருந்து கைக்கு இறங்குகிறது என்றால் கழுத்தெலும்பைப் பார்க்க வேண்டும். முதலில் இரண்டு பாதங்களும் மரத்து, பிறகுதான் கைக்கு வந்தது என்றால் அது வேறு கதை. அதற்குப் பின்னால் வருகிறேன். தூக்கத்தில் எழுந்து கையை உதறினால் சற்று நேரத்தில் சரியாகிறதா? அப்படியானால் கார்ப்பல் டனல் என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது.

1981இல் அமெரிக்காவில் கெல்பர்மேன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்தக் குறுகிய வழிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே அலகில், நோய் இல்லாதவர்களுக்குச் சராசரியாக 2.5 இருந்தது. நோயாளிகளுக்கு 32. மணிக்கட்டை உள்பக்கம் மடக்கியபோது நோயாளிகளின் அழுத்தம் 94 ஆனது. வெளிப்பக்கம் வளைத்தபோது 110. தூக்கத்தில் நம்மில் பலர் கையை மடக்கிக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறோம். இரவில் தொல்லை கூடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். வாழைக்காய்க்கு இதில் பங்கு இல்லை. குடலில் உண்டாகும் வாயு குடலில்தான் இருக்கும். ஏப்பமாகவோ வேறு வழியாகவோ வெளியேறும். மணிக்கட்டுக்கு வந்து சேர அதற்கு வழி கிடையாது.

அப்படியானால் உணவு எப்படி மணிக்கட்டை எட்டுகிறது? இரண்டே விதங்களில். ஒன்று, அந்தக் குறுகிய வழியில் இருக்கும் இடத்தைக் கூட்டிக் குறைப்பதன் மூலம். இன்னொன்று, நெருக்கடியைத் தாங்கும் வலுவை நரம்புக்குக் கொடுப்பதன் அல்லது கெடுப்பதன் மூலம். உடல் எடை, சர்க்கரை, தைராய்டு, உடலில் தேங்கும் நீர், சில வைட்டமின்கள் எல்லாம் இந்த இரண்டில் ஏதோ ஒன்றின் வழியாகத்தான் வேலை செய்கின்றன. இவற்றில் உங்களுக்கு எது பொருந்தும் என்று தெரிந்துகொள்ளாமல் உணவை மாற்றுவதில் பெரிய பயன் இல்லை.

எடையும் மணிக்கட்டும்

இந்த நோய்க்கும் உடல் எடைக்கும் உள்ள தொடர்பு பல நாடுகளில் மீண்டும் மீண்டும் உறுதியாகியிருக்கிறது. 58 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான அலசலின்படி, எடை சற்று அதிகமாக உள்ளவர்களுக்கு வாய்ப்பு ஒன்றரை மடங்கு. உடல் பருமன் உள்ளவர்களுக்கு இரண்டு மடங்கு. பி.எம்.ஐ. ஒரு புள்ளி கூடும்போது வாய்ப்பு சுமார் 7 சதவீதம் கூடுகிறது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. அதே உயரத்தில் 59 கிலோவைத் தாண்டினாலே நம் நாட்டு அளவுகோலின்படி எடை கூடுதல். 64ஐத் தாண்டினால் உடல் பருமன்.

இதிலிருந்து ஒரு தவறான எதிர்பார்ப்பும் பிறக்கிறது. ஐந்து கிலோ குறைத்தால் அடுத்த மாதமே கை சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். எடை கூடுவதால் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. ஏற்கெனவே நசுங்கிய நரம்பு எடை குறைந்ததும் சட்டென்று மீளும் என்பதற்கு அத்தனை வலுவான சான்று இல்லை. எடையைக் குறைப்பது முழங்காலுக்கும் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. கைக்கும் மெதுவாக உதவலாம். ஆனால் பட்டினி கிடந்து அவசரமாகக் குறைக்கப்போய், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓடும் நரம்பு நசுங்கிப் பாதத்தைத் தூக்க முடியாமல் ஆனவர்கள் உண்டு. அந்த நரம்புக்கு மெத்தையாக இருந்த கொழுப்பு வேகமாகக் கரைந்துவிடுவதால் வருவது அது. கை நரம்பைக் காப்பாற்றப் போய்க் கால் நரம்பை இழக்க வேண்டாம்.

சர்க்கரை: முதலில் பார்க்க வேண்டிய இடம்

தமிழ்நாட்டில் ஒருவருக்கு இரண்டு கைகளும் மரக்கிறது என்றால், உணவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் கேட்பது ரத்தச் சர்க்கரை பார்த்தாயிற்றா என்பதைத்தான். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு, நாட்டில் வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் கணக்குச் சொன்னது. கனடாவில் செய்து 2002இல் வெளியான இன்னோர் ஆய்வில், பொதுவாக 2 சதவீதம் பேருக்கு இருந்த கார்ப்பல் டனல், நீரிழிவு உள்ளவர்களில் 14 சதவீதம் பேருக்கும், நீரிழிவால் நரம்பும் கெட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கும் இருந்தது. இதைவிடப் பெரிய கைகாட்டி வேறு தேவையில்லை.

சர்க்கரை இரண்டு பக்கமும் தாக்குகிறது. ரத்தத்தில் ஆண்டுக்கணக்காக அதிகமாக இருக்கும் குளுக்கோஸ், தசைநாண்களிலும் அவற்றைச் சுற்றிய திசுவிலும் உள்ள கொலாஜன் இழைகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. திசு தடிக்கிறது, விறைக்கிறது, இடம் குறைகிறது. அதே சமயம் நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்களும் கெடுவதால், மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் நெருக்கடியைக்கூட அந்த நரம்பால் தாங்க முடிவதில்லை. இந்த விறைப்பை வீட்டிலேயே பார்க்கலாம். கும்பிடுவதுபோல் இரு உள்ளங்கைகளையும் விரல்களோடு முழுமையாகச் சேர்த்து அழுத்துங்கள். நீண்ட நாள் நீரிழிவு உள்ள சிலருக்கு விரல்கள் ஒட்டாமல் நடுவில் இடைவெளி நிற்கும். மருத்துவர்களும் இதை ஓர் அடையாளமாகப் பார்க்கிறார்கள். மடக்கிய விரல் நிமிராமல் 'டக்'கென்று சிக்கி விடுபடுகிற தொல்லையும் இவர்களுக்கு அடிக்கடி வரும்.

இங்கேதான் சாப்பாட்டுத் தட்டு உண்மையிலேயே முக்கியமாகிறது. இந்தியர்களின் உணவில் மொத்தக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக அதே இண்டியாப் ஆய்வின் 2025ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்கிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட காபியும், இரவில் தோசை என்று போகும் நாளில் இது இன்னும் கூடத்தான் இருக்கும். அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு கோதுமையையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் போன்ற புரதம் வரும்போதுதான் குறைகிறது. சோற்றுக் கரண்டியைச் சிறியதாக்கிச் சாம்பாரில் பருப்பைக் கெட்டியாக்குவதும், கூட்டும் பொரியலும் தட்டில் பாதியை அடைத்துக்கொள்வதும், சுண்டலோ முட்டையோ மீனோ ஒரு வேளையாவது இருப்பதும்தான் வழி. கேழ்வரகுக் கஞ்சி உடம்புக்கு நல்லது என்று இரண்டு பெரிய டம்ளர் குடிப்பவர்கள், அதுவும் மாவுதான் என்பதை மறக்க வேண்டாம். நைசாக அரைத்துக் கரைத்த மாவு சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை வேகமாக ஏற்றிவிடும்.

'சுகர் வந்துவிட்டது, இனி ராத்திரிக்குச் சப்பாத்தி' என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. மூன்று சோற்றுக் கரண்டிக்குப் பதில் நான்கு சப்பாத்தி சாப்பிட்டால் கணக்கு மாறுவதில்லை. போதாக்குறைக்கு, கை மரத்துப்போகும் அதே பெண்தான் வீட்டில் எல்லோருக்குமாகப் பதினைந்து சப்பாத்தி மாவு பிசைந்து தேய்க்கிறாள், மணிக்கட்டை முழுக்க வளைத்து அழுத்தியபடி.

தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும்

தைராய்டு சுரப்பு குறைந்தால் திசுக்களில் ஒருவிதப் பசைபோன்ற பொருள் படிந்து நீரையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. முகம் உப்புவதற்குக் காரணமான அதே படிவு மணிக்கட்டுக்குள்ளும் வரும். கை மரப்போடு சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மாதவிலக்குக் கோளாறு இருந்தால் டி.எஸ்.எச். பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

முட்டைக்கோஸ் கூடாது, மரவள்ளி கூடாது என்று பெரிய பட்டியலோடு அலைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அயோடின் கலந்த உப்பு பயன்படுத்தும் வீட்டில், வேகவைத்த முட்டைக்கோஸை வாரம் ஒன்றிரண்டு முறை சாப்பிடுவதால் தைராய்டு கெட்டுவிடாது. அதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று காலையில் நடக்கிறது. தைராக்சின் மாத்திரையைப் போட்டுவிட்டு, கையோடு டிகாக்ஷன் காபியைக் குடித்துவிடுகிறோம். காபி அந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை; அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை இரண்டையும் நான்கு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். சோயாவும் குறுக்கே நிற்கும். மாத்திரை ஒழுங்காகச் சேர்ந்து சுரப்பு சமநிலைக்கு வந்தால் பலருக்குக் கை மரப்பு சில மாதங்களில் தணிகிறது. எல்லோருக்கும் முழுக்கப் போய்விடுவதில்லை.

உப்பும் நீரும்

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதங்களில் கை மரப்பது சாதாரணம். உடலில் நீர் தேங்குவதே முக்கியக் காரணம். பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குப் பிறகு குறைந்துவிடும். நீர் தேங்குவதால் வருகிறது என்றால் உப்பைக் குறைத்தால் போகும் அல்லவா என்று கேட்பது நியாயம்தான். அந்த எண்ணத்தில் நீரை வெளியேற்றும் மாத்திரையைக் கர்ப்பிணிகள் அல்லாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தைவானில் நடந்து 1998இல் வெளியான அந்த ஒப்பீட்டு ஆய்வில், நீர் மாத்திரையும் வலி மாத்திரையும் மருந்தில்லாத போலி மாத்திரையைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை. குறைந்த அளவு ஸ்டீராய்டு மட்டும் பலன் தந்தது. மாத்திரையாலேயே முடியாததை உப்பில்லாச் சாப்பாடு சாதிக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

ஆனாலும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், பாக்கெட் மிக்சர் ஆகியவற்றைக் குறைக்கச் சொல்வதற்கு ரத்த அழுத்தமே போதுமான காரணம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உப்பை வெட்டவோ தண்ணீரைக் குறைக்கவோ கூடாது. கையோடு முகமும் திடீரென்று வீங்கி, தலைவலியும் பார்வை மங்கலும் வந்தால் அது கார்ப்பல் டனல் சங்கதியே இல்லை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பி6: ஒரு வைட்டமினின் ஏற்றமும் இறக்கமும்

உணவையும் இந்த நோயையும் இணைத்துச் சொன்ன கதைகளில் நீண்ட காலம் நிலைத்தது வைட்டமின் பி6 பற்றியது. 1970களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஜான் எல்லிஸ் என்ற மருத்துவர், கை மரத்த நோயாளிகளுக்கு பி6 கொடுத்து நல்ல பலன் கண்டதாகச் சொன்னார். அவரோடு சேர்ந்து உழைத்தவர் கார்ல் ஃபோக்கர்ஸ். 1948இல் வைட்டமின் பி12ஐப் பிரித்தெடுத்த குழுவுக்குத் தலைமை வகித்த வேதியியலாளர். இவ்வளவு பெரிய பெயர் பின்னால் நின்றதால் கருத்து வேகமாகப் பரவியது. யாருக்கு வைட்டமின், யாருக்குப் போலி மாத்திரை என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாத வகையில் பிற்காலத்தில் ஒப்பிட்டபோது, குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. காக்ரன் அமைப்பின் 2003ஆம் ஆண்டு மதிப்பாய்வும் அதையே சொன்னது.

இருந்தாலும் பழக்கம் போகவில்லை. மருந்துக் கடையில் 'நரம்புக்கு ஒரு சத்து மாத்திரை' என்று கேட்டால் இன்றும் பி6 உள்ள கலவைதான் பெரும்பாலும் கைக்கு வரும். தண்ணீரில் கரையும் வைட்டமின் என்பதால் மிஞ்சியது சிறுநீரில் போய்விடும், தீங்கில்லை என்றும் சொல்வார்கள். பி6 விஷயத்தில் அது சரியில்லை. நாளொன்றுக்கு 2 கிராம் முதல் 6 கிராம் வரை மாதக்கணக்கில் விழுங்கிய ஏழு பேருக்கு, கை கால் மரத்து நடையே தள்ளாடியதை 1983இல் ஒரு மருத்துவக் கட்டுரை பதிவு செய்தது. பிறகு அதைவிட மிகக் குறைந்த அளவிலும் இது நேர்வது தெரியவந்தது. அமெரிக்காவில் நாளுக்கு 100 மில்லிகிராம் என்று வைத்திருக்கும் உச்சவரம்பை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் 12 மில்லிகிராமாக வைத்தது. மரப்புக்காக விழுங்கும் மாத்திரையே மரப்பை உண்டாக்கினால், நோயாளி இன்னும் ஒன்று சேர்த்துத்தான் விழுங்குவார். உங்கள் மாத்திரை அட்டையின் பின்பக்கம் பைரிடாக்சின் என்று எழுதியிருப்பதற்கு நேரே உள்ள எண்ணை ஒருமுறை படியுங்கள். காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிடுபவர்களுக்கு மட்டும் கதை வேறு. அந்த மருந்து பி6ஐக் குறைத்து நரம்பைக் கெடுக்கும் என்பதால்தான் கூடவே சிறு அளவில் தருகிறார்கள். அதை நிறுத்தக் கூடாது.

நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பி6 இரண்டு மில்லிகிராம் அளவில்தான். அது தாராளமாக இருப்பது எதில் தெரியுமா? கொண்டைக்கடலையில், உருளைக்கிழங்கில், வாழைப்பழத்தில், மீனில், கோழியில். வாயு என்று சொல்லித் தட்டிலிருந்து விரட்டியவற்றில் பாதி இங்கே இருக்கிறது. நரம்புக்கு நல்லது என்று கடையில் வாங்குவதையும், நரம்புக்கு ஆகாது என்று வீட்டில் தள்ளுவதையும் ஒரே நாளில் செய்துகொண்டிருக்கிறோம்.

பி12 விஷயம் இதற்கு நேர்மாறு. கார்ப்பல் டனலை அது குணமாக்காது. ஆனால் அது குறைந்தால் வரும் நரம்புக் கோளாறைக் கார்ப்பல் டனல் என்று தவறாக எண்ணிவிடலாம், அல்லது இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். இரண்டு பாதங்களும் முதலில் மரத்தால் வேறு கதை என்று மேலே சொன்னேனே, அந்தக் கதையில் நீரிழிவுக்கு அடுத்தபடி வருவது இதுதான். பி12 தாவர உணவில் கிடையாது; பால், தயிர், முட்டை, மீன், ஈரல், இறைச்சியில்தான் உண்டு. முழுச் சைவர்களிலும் வயதானவர்களிலும் குறைபாடு அதிகம். பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடும் நீரிழிவு நோயாளிகளுக்கும், தினமும் 'கேஸ் மாத்திரை' போடுகிறவர்களுக்கும் உணவில் இருந்தாலும் உடலில் சேர்வது குறைகிறது. பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடப்பதாக வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இருந்துவிட வேண்டாம். பழைய சோறு வெயிலுக்கு இதமான சாப்பாடு, அவ்வளவே. ரத்தத்தில் அளவைப் பார்த்து, குறைவாக இருந்தால் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்வதுதான் சரி.

மஞ்சள், இஞ்சி, மீன் எண்ணெய் என்று வீக்கத்தைக் குறைக்கும் உணவுகளைப் பரிந்துரைக்கும் போக்கும் இருக்கிறது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மணிக்கட்டில் நிஜமான அழற்சி இருக்கும். அவர்களுக்கு மீன் எண்ணெய் மூட்டு வலியில் கொஞ்சம் உதவலாம். ஆனால் காரணம் புலப்படாத சாதாரணக் கார்ப்பல் டனலில் அறுவையின்போது எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், அழற்சியைவிட நார்த்திசு தடித்திருப்பதும் நீர் கோத்திருப்பதும்தான் தெரிகிறது. தடித்த நார்த்திசுவை மஞ்சள் பால் இளக்காது. குடிப்பதால் கெடுதலும் இல்லை, சர்க்கரை போடாதவரை.

சாப்பாடு செய்யும் கை

சமையலறைக்கும் இந்த நோய்க்கும் இன்னொரு தொடர்பு உண்டு. என் கணிப்பில் அது உணவுத் தொடர்பைவிட நெருக்கமானது. முறுக்கு அச்சைத் திருகிப் பிழிவது, இடியாப்ப உரலை அழுத்துவது, தேங்காய் துருவுவது, அடித்துத் துவைத்த துணியை முறுக்கிப் பிழிவது என எல்லாமே மணிக்கட்டை வளைத்து, விரல்களை இறுக்கிச் செய்கிற வேலைகள். 94, 110 என்று மேலே பார்த்த எண்களை இப்போது நினைத்துப் பாருங்கள். தீபாவளி வாரத்தில் தொல்லை கூடினால் பழி பலகாரத்தின் எண்ணெய்மீது விழும். அச்சைத் திருகிய கையை யாரும் நினைப்பதில்லை. பீடி சுற்றுபவர்கள், தையல் இயந்திரத்தில் துணி தள்ளுபவர்கள், இறைச்சி வெட்டுபவர்கள் விஷயத்திலும் இப்படித்தான்.

வேலையை விட முடியாது. மாற்றிச் செய்யலாம். மாவைக் கொஞ்சம் இளக்கமாகப் பிசையலாம், தேய்க்கும் பலகையை உயரத்தைப் பார்த்து வைத்து மணிக்கட்டு நேராக இருக்கும்படி தேய்க்கலாம், இடியாப்ப மாவைச் சூடாக இருக்கும்போதே பிழியலாம், துணியைப் பிழியாமல் தண்ணீர் வடியத் தொங்கவிடலாம். அரை மணிக்கு ஒருமுறை கையை இறக்கி ஓய்வு கொடுக்கலாம். வீட்டில் இன்னொரு ஜோடிக் கைகள் டிவி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவற்றை அழைக்கலாம்.

இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு படுப்பது, எந்த உணவு மாற்றத்தைவிடவும் சீக்கிரம் ஆறுதல் தரக்கூடியது. மருந்துக் கடைகளில் 'ரிஸ்ட் ஸ்ப்ளிண்ட்' என்று கேட்டால் கிடைக்கும். உள்ளே உலோகத் தகடு அல்லது கெட்டியான பிளாஸ்டிக் இருக்க வேண்டும். வெறும் எலாஸ்டிக் உறை போதாது. தகடு மணிக்கட்டை வெளிப்பக்கம் வளைத்து வைத்திருந்தால் அதை நேராக்கிக்கொள்ளுங்கள். ஆறு வாரமாவது தொடர்ந்து கட்ட வேண்டும். அதோடு சர்க்கரையையும் தைராய்டையும் சரிசெய்தால் ஆரம்பக் கட்டத்தில் உள்ள பலருக்குக் கத்தி தேவைப்படாமலே போகும். தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு அது போட்ட சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால், அந்த நாட்களில் சாப்பாட்டிலும் சர்க்கரை பார்ப்பதிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

மரப்பு பகலிலும் விடாமல் இருந்தாலோ, பாத்திரம் கை நழுவி விழுந்தாலோ, ரவிக்கைக் கொக்கி போட முடியாமல் போனாலோ, கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு மற்றக் கையைவிடத் தட்டையாகத் தெரிந்தாலோ நரம்பு கடுமையாக அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் பரிசோதனையைச் செய்து, பெரும்பாலும் அறுவைக்குத்தான் சொல்வார்கள். வற்றிய சதை எல்லா நேரமும் திரும்புவதில்லை. ஆறு மாதம் பத்தியம் இருந்து பார்க்கிறேன் என்று தள்ளிப்போட ஏற்ற நேரம் இது இல்லை.

அறுவை சிறியதுதான். கையை மட்டும் மரக்கவைத்து, கூரையாக நிற்கும் நார்ப்பட்டையை வெட்டிவிடுகிறார்கள். நரம்புக்கு இடம் கிடைக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பலன் உண்டு. ஆனால் காயம் ஆறவும் கிருமித் தொற்று வராமல் இருக்கவும் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். தையல் பிரிக்கும்வரை முட்டை கூடாது, மீன் கூடாது, கத்தரிக்காய் கூடாது, புண் சீழ் பிடிக்கும் என்று பெரியவர்கள் அப்போது சொல்வார்கள். காயம் ஆறுவதற்கு உடலுக்கு முதலில் வேண்டியது புரதம். உங்களுக்கு ஒவ்வாமை இல்லாதவரை முட்டையும் மீனும் அந்த இரண்டு வாரத்தில் தாராளமாகச் சாப்பிட வேண்டியவை. சைவர்கள் பருப்பையும் தயிரையும் பனீரையும் கூட்டிக்கொள்ளலாம். கத்தரிக்காயும் சாப்பிடலாம்.